இன்குபேட்டருக்குச் சாம்பிராணி

இன்குபேட்டர் கதவைத் திறந்து உள்ளே சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தார் வெங்கிடேஸ்வரன்.

ஆய்வாளர் இந்து போட்ட கத்தலில் அவர் கையிலிருந்த தூபக்கால் ஆடித் தணல் தரையில் சிதறியது.

"சார்! அதுக்குள்ள செல்லு இருக்கு சார்!"

பாவம், மனிதர் அவசரமாகத் தணலை ஒதுக்கினார். கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர். பாலக்காட்டில் இந்த ஆய்வுக்கூடம் திறந்த நாளிலிருந்து கருவிகளுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. ஆயுத பூஜை வந்தால் ஒன்றை விடமாட்டார். மைக்ரோஸ்கோப்புக்குச் சந்தனம், தராசுக்குக் குங்குமம், ஃப்ரிட்ஜுக்குப் பூமாலை. இந்த வருஷம் பக்தி கொஞ்சம் முற்றிவிட்டது. உடம்புச் சூட்டில் செல்களை வளர்க்கிற பெட்டியைத் திறந்து, மேல்தட்டின் மூடியையும் எடுத்துவிட்டுப் புகை காட்டியிருக்கிறார்.

"நன்னா வளரணும்னுதானே காட்டினேன், கேட்டயா..." என்று இழுத்தார்.

அந்தத் தட்டில் இருந்தவை மனித மூக்கிலிருந்து சுரண்டி எடுத்து வளர்த்த செல்கள். கீழே சத்துநீர், மேலே வெறும் காற்று. நம் மூச்சுக்குழாயில் இருப்பது போலவே அவற்றின் மேல் மெல்லிய இழைகள் முளைக்கும். முளைத்தால் மட்டும் போதாது. எல்லா இழையும் ஒரே பக்கமாக அசைந்து, விழுந்த தூசியைப் பெருக்கித் தள்ள வேண்டும். அப்போதுதான் அதற்குத் தொண்டை என்று பெயர். இல்லாவிட்டால் கிண்ணத்தில் ஒட்டிய சவ்வு, அவ்வளவுதான்.

பெருக்குகிறதா? அதுதான் தெரியவில்லை. மேலே சளி மூடிக் கலங்கலாகக் கிடந்தது. ஒரு மாதமாக இந்து தினமும் குனிந்து பார்த்து, "அசைஞ்சு தொலையேன்டா, எருமை" என்று திட்டிக்கொண்டிருந்தாள். செல்லைத் திட்டுகிற பெண்ணை எங்கே பார்த்திருக்கிறோம் என்று கூடமே சிரிக்கும்.

இப்போது யாரும் சிரிக்கிற நிலையில் இல்லை. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பண்ணையில் கோழிகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. பறவைக் காய்ச்சல். அங்கே முட்டை அடுக்கும் வேலையிலிருந்த பாண்டித்துரைக்கும் காய்ச்சல் கண்டு தனி வார்டில் போட்டிருக்கிறார்கள். இந்துவின் ஒரே தம்பி. உடும்பஞ்சோலை ஏலக்காட்டுக் கூலிக்காரர் குடியிருப்பான லயத்தில் அவள் இடுப்பிலேயே வளர்ந்தவன்.

மாத்திரை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் பண்ணையில் வந்த இந்த வைரஸ் அந்த மாத்திரைக்கு அடங்குமா, அடங்காவிட்டால் வேறு எதற்கு அடங்கும் என்பதை இப்படி வளர்த்த மனிதத் தொண்டையில் விட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். வைரஸ் நாளை பக்கத்துக் கட்டடத்தின் பூட்டிய அறைக்கு வருகிறது. தொண்டை தயாரில்லை என்றால் மறுபடி முதலிலிருந்து வளர்க்க வேண்டும். தம்பிக்கு அவ்வளவு நாள் இருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

தட்டைத் தூக்கிக்கொண்டு மைக்ரோஸ்கோப்பிடம் ஓடினாள். ஓடியவள் நின்றாள்.

சந்தனம் வைத்துப் பட்டுத்துணி போர்த்தியிருந்தது. பூஜைக்கு வைத்ததை விஜயதசமி காலையில் பூஜை எடுக்கும்வரை யாரும் தொடக்கூடாது. வெங்கிடேஸ்வரன் போட்ட சட்டம் அது. போன வருஷம் பெரிய டாக்டரையே கிட்டே விடவில்லை.

அவரே வந்து பட்டுத்துணியை உருவினார்.

"பாரு குழந்தே. சரஸ்வதி கோவிச்சுண்டா நான் சொல்லிக்கறேன்."

கண்ணை வைத்தாள். ஒரே கரி. சாம்பிராணிப் புகை சளி மேல் பொட்டுப்பொட்டாக அப்பியிருந்தது. இந்தத் தட்டு இனி எதற்கும் ஆகாது.

ஒரு பொட்டு நகர்ந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். பக்கத்துப் பொட்டும் நகர்ந்தது. அதற்கடுத்ததும். அடேயப்பா! அத்தனை கரியும் வரிசை பிடித்து, ஒரே பக்கமாக, கிண்ணத்தின் ஓரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. விடிகாலையில் வாசல் கூட்டுவது போல அத்தனை நிதானம்.

கலங்கலில் தெரியாதது கரி விழுந்ததும் தெரிந்துவிட்டது. கீழ்த்தட்டுகளில் அதே மூக்கின் செல்கள் மூடி திறக்காமல் பத்திரமாக இருக்கின்றன. இது பெருக்கினால் அவையும் பெருக்கும்.

வெங்கிடேஸ்வரனும் குனிந்தார். வெகுநேரம் நிமிரவேயில்லை.

"எந்தப் புண்ணியவானோட மூக்கோ!"

கொடுத்தவர் பெயரைச் சொல்லக்கூடாது என்பது விதி. இந்து சொல்லவில்லை. கோட்டுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மருந்து தோற்பதானால் நாளை இந்தக் கிண்ணத்தில் தோற்கட்டும், வார்டில் வேண்டாம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

பிறகு வராந்தாவுக்கு வந்து தம்பிக்குப் போன் போட்டாள். குரல் கரகரத்தது. காய்ச்சலிலும் வாய்க்கு மட்டும் குறைச்சலில்லை.

"என்னாக்கா, மழைக்காலத்துல என் மூக்கைச் சுரண்டி எடுத்தியே, உசுரே போச்சு. இப்ப என்னா பண்ணுதாம் அது?"

லயத்து வீட்டில் ஒரு நாள்கூடத் துடைப்பத்தைத் தொட்டவனில்லை அவன்.

"பெருக்குதுடா," என்றாள் இந்து.

அந்தப் பக்கம் கிளம்பியது இருமலா, சிரிப்பா என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கவனித்தாள்.

சிரிப்புதான்.