மூன்றாம் ஓலை

படம் முடிந்து விளக்குப் போட்டதும், பாலையூற்றுப் பங்கு மண்டபத்தில் எல்லார் பார்வையும் முன்வரிசைக் கதிரையில் இருந்த சூசைப்பிள்ளை மேலேதான்.

"இப்பிடியும் ஒரு தகப்பனா? சீ!"

பின்னே சும்மாவா? பெத்த மகள் றஜிதாவே படம் எடுத்து அவருடைய வண்டவாளத்தைத் தண்டவாளத்தில் ஏற்றிவிட்டாள்.

பதினெட்டு வருசத்துக்கு முந்திய கதை. பங்குக் கோயில் பூசையில் அவளுக்கும் புல்மோட்டை ஜக்சனுக்கும் மூன்றாம் ஞாயிறாக, கடைசித் தடவை கலியாண ஓலை வாசித்தார் பங்குச் சுவாமி. தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று அவர் வாய் மூடவில்லை, "தடை இருக்கு சுவாமி" என்று எழும்பி நின்றார் சூசைப்பிள்ளை. காரணத்தைச் சுவாமியின் அறைக்குள் சொன்னதோடு சரி. கலியாணம் நின்றது. ஜக்சன் வேறு ஒருத்தியைக் கலியாணம் முடித்தான். றஜிதா கொழும்புக்கு பஸ் ஏறியவள், இன்றைக்குத்தான் வந்திருக்கிறாள்.

மைக்கை எடுத்துக்கொண்டு தகப்பன் முன்னால் போய் நின்றாள். அவளுக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"சொல்லுங்கோ அப்பா! துறைமுகத்தில கிளாக்கர் எண்ட பெருமை. வலை இழுக்கிறவன் மருமகனா வரக்கூடாது. அதுதானே உங்கட தடை?"

"பிழை என்னிலதான் பிள்ளை."

"பிழையை ஆர் கேட்டது? காரணத்தைச் சொல்லுங்கோ!"

"அது ஏலாது."

"ஏலாதோ? என்ர வாழ்க்கையை நாசமாக்க ஏலும், வாயைத் திறக்க மட்டும் ஏலாதோ? நீங்கள் செத்தாலும் நான் வரமாட்டன்!"

மண்டபமே கைதட்டியது. நல்லாய் வேணும் இந்த மனுசனுக்கு என்று யாரோ சத்தமாகவே சொன்னார்கள். சூசைப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போதுதான் கடைசி வரிசையில் ஒருத்தி எழும்பினாள். ஜக்சனின் மனைவி ஜெயரூபி.

சூசைப்பிள்ளை பதறிப்போனார்.

"வேண்டாம் பிள்ளை! நீ இரு. சனம் பாக்குது."

"இனியும் பேசாமல் இருக்க ஏலாது ஐயா."

விறுவிறென்று முன்னுக்கு வந்தவள், றஜிதாவின் கையைப் பிடித்தாள்.

"அக்கா, அந்த ஞாயிறுக்கு முதல்நாள் உங்கட அப்பாட காலில விழுந்து அழுதனான். என்ர வயித்தில ஜக்சன்ர பிள்ளைக்கு நாலு மாசம். என்ர பெயர் ஒருத்தருக்கும் தெரிய வராது எண்டு சத்தியம் செய்தவர்."

ஜெயரூபி சூசைப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தாள்.

"பெத்த மகளிட்டக்கூடச் சொல்லேல்லை எண்டு, இண்டைக்குத்தான் அக்கா எனக்கே தெரியும்."