தொண்டை கட்டிய கார்

"இது என்ன?"

மச்சினனின் மூக்குக்கு நேராக ஆள்காட்டி விரலை நீட்டினார் அவர். விரல் நுனியில் பிசுபிசுப்பு.

"பசை, அத்தான்."

"பசைன்னு எனக்கும் தெரியும். என் கார் கதவுல எப்படி வந்துச்சு? ரெண்டு கதவுலயும் இருபத்து மூணுன்னு ஒட்டிப் பிச்ச தடம் இருக்கு."

ஞாயிறு காலை முழுக்க அந்தக் காருக்கு மெழுகு போட்டுத் துடைப்பவர் அவர். கதவைப் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம்.

மச்சினன் தரையைப் பார்த்தான். "நேத்து ரேஸ் டிராக்குக்குப் போனேன். வருஷத்துல சில நாள் நம்மள மாதிரி ஆளுங்களையும் சொந்தக் காரோட உள்ள விடுவாங்க. ஆளுக்கு ஒரு நம்பர் ஒட்டுவாங்க."

"சொந்தக் காரோட!" அவர் சமையலறைப் பக்கம் திரும்பினார். "கேட்டியா? உன் தம்பிக்குச் சொந்தக் கார் இருக்காம்."

மனைவி கரண்டியும் கையுமாக வந்தாள். "நண்பன் வீடு மாத்துறான், சாமான் ஏத்தணும்னுதானேடா சாவி வாங்கினே?"

"பொய்தான்க்கா. தப்புதான்."

"குட்டியோட சீட்டைக் கழட்டித் திரும்ப மாட்டியிருக்கான். பெல்ட் முறுக்கிக் கிடக்கு. ஏன்டா, அது உன்னை என்ன பண்ணுச்சு?"

"காருக்குள்ள எதுவும் இருக்கக் கூடாதுன்னு சொல்லுவாங்க, அத்தான்."

"ஓட்டுறவன் தலைக்குள்ளயுமா?"

மனைவிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

அவருக்கு அடங்கவில்லை. "என் பொண்ணு தினமும் பள்ளிக்கூடம் போற கார் அது. பாலத்து இறக்கத்துல எல்லாரும் பறக்கறப்ப நான் ஊர்ந்துதான் போவேன். அஞ்சு வருஷமா ஒரு மெக்கானிக்கைக்கூடக் கிட்ட விட்டதில்ல. என் கை மட்டும்தான் படணும்னு பொத்திப் பொத்தி வச்சிருக்கேன். நீ கொண்டுபோய் அதைக் குதிரைப் பந்தயத்துல விட்டிருக்கே!"

தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்த குட்டி தலையைத் தூக்கினாள். "அப்பா, நேத்து நீச்சல் முடிஞ்சு மாமா கூட்டிட்டு வந்தப்ப கார் பாடவே இல்ல."

பாலத்து இறக்கத்தில் அந்தக் கார் எடுக்கும் கீச்சுக்குரலுக்கு அவள் வைத்திருந்த பெயர் அது. கூடச் சேர்ந்து அவளும் பாடுவாள்.

"எப்படிப் பாடும்? உங்க மாமா ஓட்டின ஓட்டத்துல அதுக்குத் தொண்டை கட்டிடுச்சு."

சொல்லிவிட்டு, சுவர் ஆணியில் தொங்கிய மாற்றுச் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "இது இனி உனக்கில்ல. மாசக் கடைசிக்குள்ள இந்த வீட்டை விட்டு வேற அறை பார்த்துக்கோ."

 

"சரி, அத்தான்," என்றான் மச்சினன்.

சரியாமே! அந்தச் 'சரி' அவரை இன்னும் கிளப்பிவிட்டது. "கேட்டதும் கதவைத் திறந்து விட்டானுங்களே, அவனுங்களையும் சும்மா விடப் போறதில்ல." கைபேசியில் டிராக்கின் எண்ணைத் தேட ஆரம்பித்தார்.

"வேணாம், அத்தான்." முதல்முறையாக அவன் குரல் உயர்ந்தது. "நான் அறை பார்த்துக்கறேன். போன் மட்டும் பண்ணாதீங்க."

"ஏன், இன்னும் ஏதாவது வெளிய வந்துடுமா?"

அவன் முகம் வெளுத்தது. அது போதும். பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

"குடும்பக் காரையெல்லாம் ரேஸ்ல விடறதுக்கு உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது? நேத்து இருபத்து மூணாம் நம்பர்..."

"வெள்ளைக் கார்தானே? கண்ணாடி மாதிரி பளபளன்னு?"

"அதேதான்." அந்தக் கோபத்திலும் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

"அதை நாங்க டிராக்குல விடவே இல்லையே, சார்."

"என்ன?"

"உள்ள விடறதுக்கு முன்னாடி எல்லா வண்டியையும் சோதிப்போம். சக்கரத்தைக் கழட்டிப் பார்த்தா பிரேக் பேட் சுத்தமாத் தேஞ்சு போயிருக்கு. இரும்பும் இரும்பும் உரசுது. இங்க எதிர்ல ஒரு வண்டி வராது, குறுக்க ஒரு ஆள் வரமாட்டான், ஆம்புலன்ஸ் தயாரா நிக்கும். அப்படியும் அந்தக் காரை ஓட்ட விடமாட்டோம்னு சொல்லிட்டோம். பாவம், அந்தத் தம்பி ஒரு ரவுண்டுகூடப் போகல. நாள் முழுக்க எங்க ஷெட்லயே காத்திருந்து, நாலு சக்கரத்துக்கும் புதுசு போட்டுத்தான் எடுத்துட்டுப் போனாரு."

இப்போது சூடேறியது அந்தப் பக்கத்துக் குரல்தான்.

"நானே கேக்கணும்னு இருந்தேன். அதுல இருந்து அவர் ஒரு குழந்தை சீட்டைக் கழட்டி வச்சாரு. அப்படி ஒரு பிரேக்கை நம்பி எவன் சார் குழந்தையை ஏத்திட்டுப் போறான்? மாசக்கணக்கா கீச்சு கீச்சுன்னு கத்தியிருக்குமே, காதுல என்ன பஞ்சா? நீங்க யாரு, வண்டிக்காரரா?"

கார் அப்படிக் கத்தும்போதெல்லாம் அவர் ரேடியோவைக் கூட்டி வைப்பார்.

"இல்ல," என்றார். "தெரிஞ்சவங்க வண்டி."

"அப்ப அந்த ஆளை நல்லா நாலு கேள்வி கேளுங்க."

கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார்.

"என்ன சொன்னான்? நல்லாக் கொடுத்தீங்களா?" என்றாள் மனைவி.

மச்சினன் முந்திக்கொண்டான். "இனிமே இவனை உள்ள விடமாட்டோம்னு சொல்லியிருப்பாங்க. நான்தான் கண்ணுமண்ணு தெரியாம ஓட்டிட்டேன்க்கா."

"வெட்கமா இல்ல உனக்கு? அதைச் சிரிச்சுக்கிட்டே வேற சொல்றே!" அவள் கரண்டியை ஓங்கிக்கொண்டு தம்பி பக்கம் திரும்பினாள்.

அவர் மாற்றுச் சாவியை எடுத்து ஆணியில் மாட்டினார். பிறகு தன் சாவியையும் எடுத்து அதன் மேல் மாட்டினார்.