மைனஸ் பதினெட்டில் ராஜகுமாரி

"ஃபேனை மூஞ்சிக்கு நேரா திருப்புடா மோகன். வண்டி போவசொல்ல காத்து அடிக்குமில்ல?"

ஐஸ்கிரீம் பெட்டிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்திருந்தாள் ராஜகுமாரி. சுங்குடிச் சேலை. அதன்மேல் ஒரு கறுப்பு ஜாக்கெட். இரண்டு கைகளும் நீண்டு, இல்லாத ஹேண்டில்பாரைப் பிடித்திருந்தன.

மண்ணூர்பேட்டையில் இருக்கும் அந்தக் கோல்டு ரூமுக்கு அவள் தம்பி மோகன்தான் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் வர மாட்டார் என்பது தெரிந்துதான் வந்திருந்தாள். வெளியே மே மாத வெயிலில் தார் ரோடு இளகிக்கொண்டிருந்தது. உள்ளே மைனஸ் பதினெட்டு.

கள்ளிக்குப்பத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்தவள், மடியில் ஒரு பைக் பேட்டரியையும் பையில் இரண்டு ஜாக்கெட்டையும் கொண்டுவந்திருந்தாள். இரண்டுமே கரண்டில் சூடாகிறவை. பனியில் பைக் ஓட்டுகிறவர்கள் போட்டுக்கொள்வது.

பூந்தமல்லி கடைக்காரர் இரண்டையும் ஒரே மாதிரி புகழ்ந்திருக்கிறார். போட்டுப் பார்த்துவிட்டு வேண்டாததைத் திருப்பிக் கொடுங்கள் என்றும் சொல்லியிருக்கிறார். இந்த ஊரில் இதை எங்கே போய்ப் போட்டுப் பார்ப்பது? அப்போதுதான் அவளுக்குத் தம்பியின் ஞாபகம் வந்தது.

அக்கா வீட்டு புல்லட் அடுத்த மாதம் லடாக்குக்குக் கிளம்புகிறது என்று மோகனும் கேள்விப்பட்டிருந்தான். அன்றிலிருந்து அக்கா மகன் நிர்மல்மேல் அவனுக்குக் கோபம்.

முதலில் போட்டது ஒயர் வைத்த ஜாக்கெட். காலடியில் இருந்த பேட்டரியில் ஒயரைச் சொருகியதும் பட்டன் சிவப்பாக எரிந்தது.

"கழுத்து, முதுகு, கை, எல்லாம் சுடுதுடா!"

சந்தோஷத்தில் எழுந்து நின்றாள். ஒயரோடு பேட்டரியும் கூடவே வந்து மோகனின் கால்மேல் விழுந்தது.

அவன் ஒற்றைக் காலில் குதித்தான். கதவின் சின்னக் கண்ணாடிக்கு வெளியே மூன்று லோடுமேன்களின் முகங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தன.

"வண்டிய உட்டு எறங்கசொல்ல ஒயரை கழட்டணும். இல்லாங்காட்டி வண்டியும் கூட வரும்" என்றாள் அக்கா, அவன் காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல்.

அடுத்தது, பாக்கெட்டுக்குள் தனி பேட்டரி வைத்த ஜாக்கெட். இந்த முறை அவள் ஹேண்டில்பாரைப் பிடிக்கவில்லை. முன்னால் அடுக்கியிருந்த வெனிலா பெட்டிகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அதன்மேல் கன்னத்தைச் சாய்த்தாள்.

"நெஞ்சு மட்டும் இட்லிப் பான கணக்கா கீது. கையி வெறச்சிப் போச்சு."

பல் தந்தியடித்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. மோகன் நொண்டிக்கொண்டே பக்கத்தில் வந்தான். அவள் ஓடிப்போக முடியாத நிலையில் இருக்கும்போதே பேசிவிடுவது என்று முடிவு செய்தான்.

"அக்கா, கோச்சிக்காத. ரெண்டு வயசுப் புள்ளைய ஊட்ல உட்டுட்டு மலைல பைக் ஓட்டப் போறது இன்னா பொறுப்பு? மருமக அகல்யா பாவம், ஒண்டியா புள்ளைய வச்சிகினு இன்னா பண்ணும்? இன்னைக்கு சாயங்காலமே வரேன். தாய்மாமன் நான் கேக்காம யாரு கேக்கறது?"

"கே... கே... கேளு" என்றாள் அக்கா. குளிரில் அதற்கு மேல் வரவில்லை.

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அக்காவின் புருவத்தில் பனி வெள்ளையாகப் பூத்ததும் மோகன் பயந்துபோய் ஃபேனை நிறுத்தினான். கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தான்.

வெயிலில் வந்து நின்றதும் அவள் மூக்குக் கண்ணாடி மொத்தமும் ஆவி படிந்து மங்கிப்போனது. லோடுமேன் ஒருவர் இருவருக்கும் டீ வாங்கிவந்து கொடுத்தார். கண் தெரியாமலே வாங்கிக் குடித்தாள்.

"ரெண்டுல எது நல்லாயிருக்குக்கா?"

"ரெண்டும் வேணும்."

"நிர்மலுக்கு எதுக்குக்கா ரெண்டு?"

ராஜகுமாரி கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தாள்.

"ரெண்டையும் வண்டில சொருவுனா வண்டி பேட்டரி தாங்காதாம். அதனால ஓட்றவளுக்கு ஒயரு. பின்னாடி குந்துறவளுக்கு இது."

டீ கிளாஸ் மோகனின் உதட்டுக்குப் பக்கத்திலேயே நின்றது.

"ஓட்றவளா?"

"அகல்யாதான் ஓட்றா. நிர்மலுக்கு மேட்டுல ஏறுனாலே தல சுத்தும். அவன் லீவு போட்டுகினு ஊட்ல புள்ளைய பாத்துக்கறான். நீ சாயங்காலம் வா. வந்து தாராளமா கேளு. அப்படியே புள்ளைக்கு சோறு ஊட்டிட்டுப் போ."

திருப்பதிக்கு வடக்கே அக்கா காலெடுத்து வைத்ததில்லை என்பது மோகனுக்குத் தெரியும். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தால்கூட வேகத்தடைக்கு வேகத்தடை முருகா என்பாள். இருந்தாலும் கேட்டான்.

"அப்போ பின்னாடி குந்தப் போறது?"

அந்த வெயிலிலும் அவள் ஜாக்கெட்டைக் கழற்றவில்லை. கழுத்து வழியாக வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

"'நீங்களும் வர்றீங்களா அத்தை'ன்னு ஒரு தபாதான் கேட்டா" என்றாள் ராஜகுமாரி. "ரெண்டாந்தபா கேக்க உடல நானு."