பாலத்துக்குப் பசை

எங்கள் கூடத்தில் நிற்கும் பாம்பன் பாலம் நான் பொம்மைச் செங்கற்களால் கட்டியது. மாதச் சந்தா கட்டிவந்தால்தான் இந்தக் கற்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். கல்லின் தரம் இறங்க இறங்கச் சந்தா ஏறியது. சென்ற மாதச் சந்தாவை என்னால் கட்ட முடியவில்லை. அதற்கான கெடு முடிந்த அன்றுதான் மகள் மதிவதனியைப் பெண் பார்க்க வந்தார்கள்.

"அப்பா, பசை போட்டு ஒட்டிருவமா?" என்று காலையிலேயே கேட்டாள்.

"நம்ம வீட்டுல பசையா? இந்தக் கல்லைச் சேகரிக்கிறவன் எவனாவது நம்மள மதிப்பானா?"

மாப்பிள்ளையின் தாய் சங்கரவடிவு காப்பியைக் கையில் வாங்கும்போது பாலம் சரசரவென்று உதிர்ந்தது. சந்தா கட்ட வக்கில்லாத வீடு என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நான் நிமிர்ந்தே நின்றேன், முகம்தான் எரிந்தது.

அந்த அம்மாள் தரையில் உட்கார்ந்து கற்களைப் பொறுக்கினாள்.

"எங்க வீட்டு ரயிலும் இப்படித்தான் உதிர்ந்துச்சு அண்ணாச்சி. அதுலருந்து இது பையிலயே கெடக்கு" என்று ஒரு பசைக்குப்பியை எடுத்தாள்.

"ஒட்டினா அப்புறம் பிரிக்க முடியாதேம்மா?"

"எதுக்குப் பிரிக்கணும்? நிச்சயத்துக்கு வர்ற எங்க ஆளுக பாலத்தைப் பாக்க வேண்டாமா?"

குப்பியின் மூடி இறுகியிருந்தது. நானே வாங்கித் திறந்து கொடுத்தேன்.