மிச்சம் வைத்த குண்டன்

வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மருமகளின் போன் அடித்தது.

"என்னது, குண்டன் சாப்பாட்டை மிச்சம் வச்சுட்டானா? அப்பாடா!" என்று துள்ளிக் குதித்தாள்.

மாமியாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பிள்ளை சாப்பிடலைன்னா யாராவது குதிப்பாங்களா?"

"வயிறு நிறைஞ்சிடுச்சுன்னு மூளைக்குச் சொல்ற சேதியே அவன் உடம்புல உருவாகாது, அத்தை. அதான் நாள் பூரா வெட்டிட்டே இருந்தான். அந்தச் சேதியை ஊசியில ஏத்தினோம். இப்பதான் மூளைக்கு எட்டியிருக்கு!"

"ஐயோ பாவம்! அவன் அம்மா என்ன சொன்னா?"

"அவளா? எங்க லேப்ல பக்கத்துக் கூண்டுல வாலைச் சுருட்டிட்டுத் தூங்கறா. அவன் எலி, அத்தை."

மாமியார் திருதிருவென்று விழித்தார். பிறகு, மூன்றாம் முறையாகத் தட்டை நீட்டிய மகனைப் பார்த்தார்.

"அந்த ஊசி மீதி இருந்தா, வீட்டுக்கும் ஒண்ணு கொண்டு வாம்மா."