கிழிசல் இருக்க வேண்டிய தோள்

தளவாய்புரம் நைட்டி கம்பெனியில் தையல் மெஷின்கள் இரைகின்றன. தகரக் கூரையின் ஓட்டை வழியே விழும் வெயில், மேசையில் விரித்த என் உடை வரைபடத்தின் மேல் கிடக்கிறது. நான் உடை வடிவமைக்கும் நாடகத்தில் மில் தொழிலாளியாக வருபவளின் ரவிக்கை அது. இடது தோளில் சிவப்பு மையால் ஒரு கிழிசல் வரைந்திருக்கிறேன். மூன்றாவது தடவையாகத் தையல்காரி பாண்டிசெல்வி ரவிக்கையில் அந்தக் கிழிசலைத் தைத்து மூடியிருக்கிறாள். சாயங்காலம் ராஜபாளையத்தில் நாடகம். "கிழிசலோட வேணும்னு எத்தன தடவ சொல்றது!" என்று கத்துகிறேன். அவள் நூலைப் பல்லால் கடித்துத் துப்புகிறாள். "நானும் பத்து வருசம் மில்லுக்குப் போனவதான் சார். தோளு தெரிய எவ வேலைக்குப் போவா?" அவள் கையிலிருந்த கத்தரியைப் பிடுங்கித் தையலைப் பிரிக்கிறேன். தோள் வாய் பிளக்கிறது. வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, நான் வரைந்த கிழிசலின் மேல் வைக்கிறாள். "இதக் குத்தாம அவள மேடையேத்தாதீய."