வீட்டுக் காவலுக்கு வைத்த தோட்டா

ஒரு மேசை டிராயருக்குள் இரண்டு தோட்டாக்கள் கிடந்தன. குட்டித் தோட்டா, தகர டப்பாவைக் குறிபார்த்துச் சுட்டுப் பழக. பெரியது வீட்டுக் காவலுக்கு.

“நீ டப்பாவைத் துளைக்கத்தான்டா லாயக்கு. திருடன் வந்தா நான்தான் போகணும்” என்று பெரியது பீற்றிக்கொள்ளும். குட்டிக்கு வயிறு எரியும்.

கரண்ட் போன ஒரு மாலையில், கொல்லைப்பக்கம் ‘தொம்’மென்று யாரோ குதித்தார்கள். கை ஒன்று டிராயரைத் திறந்து, பெரியதை ரிவால்வரில் போட்டுக்கொண்டு ஓடியது. வெடிச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ரிவால்வர் டிராயருக்குள் வந்து விழுந்தது. அதற்குள்ளே பெரியது வெறும் கூடாக இருந்தது.

“திருடன் செத்தானாண்ணே?” என்று குட்டி ஆவலாகக் கேட்டது.

கூடு சொன்னது:

“கேட் பூட்டியிருந்ததாம், சுவர் ஏறிக் குதிச்சிருக்கான். ‘அப்பா, நான்தான்’னு சொன்னான். அதுக்குள்ள நான் கிளம்பிட்டேன்.”